ஏழு காலோட பொறந்த குட்டியும், பேக்குல மலையேறின முட்டையும்

ஏற்காட்டுல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். வயசு 27, பகல்ல சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில வேலை, ராத்திரி மலைமேல அம்மாகூட வீடு, தெனமும் பைக்ல இருபது கொண்டை ஊசி வளைவும் எறங்கி ஏறறவர். ஆளு யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விஷயத்த மாத்தியிருக்கேன், சிலந்தி சம்பந்தப்பட்டத மட்டும் அப்படியே விட்டிருக்கேன்.

அவர்கிட்ட ஒரு ஜோடி கர்லி ஹேர் டாரண்டுலா இருந்துச்சு, சுருட்டை முடி வச்ச பெரிய சிலந்தி. போன டிசம்பர் கடைசியில பெண்ணு எக் ஸாக் (முட்டைப் பை) போட்டுச்சு, அது முட்டைய தின்னுடுமோன்னு பயந்து நாலாவது நாளே ஸாக்க பிடுங்கிட்டார். வீட்ல விட்டா அம்மா தூக்கி வீசிடுவாங்கன்னு ஒரு டப்பாவுல பஞ்சு வச்சு, மூணு வாரம் தெனமும் பேக்குல போட்டு பட்டறைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொண்டு வந்திருக்கார். இப்போ 143 குட்டி உசுரோட இருக்கு, மூணு தடவ சட்டை உரிச்சாச்சு. அதுல 11 குட்டி "சரியில்ல"ங்கறார். அஞ்சு குட்டிக்கு முதுகுல கறுப்புப் பொட்டு, ஒண்ணுக்கு பின்னாடி வழுக்கையா இருந்த எடம் ஒரே வாரத்துல கறுத்துப் போச்சு, ஒண்ணுக்கு ஏழு கால்தான், ஒண்ணுக்கு கால் நுனி கவட்டை மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கு, ஒண்ணுக்கு ரெண்டு கால் முட்டி வரைக்கும் ஒட்டியிருக்கு, ஒண்ணு பாதி உடம்பு பொன்னிறம் பாதி கருப்பு, இன்னொண்ணு நடக்கும்போது வெட்டி வெட்டி இழுக்குது. இது போக, அம்மா காபித் தோட்டத்து சில்வர் ஓக் பொந்துல கெடச்ச ஒரு குட்டியையும் நாலு மாசமா பக்கத்து டப்பாவுல வச்சிருக்கார், அதோட முதுகுல இருக்கற டிசைன் வெநோதமா இருக்கு, தப்பிச்சுப் போன தன்னோட ஆண் சிலந்தி காட்டுச் சிலந்தியோட சேர்ந்து பொறந்த கலப்பா இருக்குமோன்னு கேக்கறார். அண்ணன் தங்கச்சி ஜோடி சேர்ந்ததால இப்படி ஆச்சா, அம்மா சொல்ற மாதிரி அமாவாசைக் கோளாறா, கவட்டைக் கால வெட்டி விட முடியுமா, ஒருத்தர் "ரேர் மியூட்டேஷன்"னு மூணு மடங்கு வெலை தர்றேங்கறார் குடுக்கலாமா. இதுதான் கேள்வி எல்லாம்.

தம்பி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன், டப்பாவுக்கு நம்பர் போட்டு நோட்டுல தேதி வாரியா எழுதி வச்சிருக்கீங்க பாருங்க, என்கிட்ட மாடு கொண்டு வர்றவங்க இதுல பாதி எழுதி வச்சிருந்தா என் வேலை எவ்வளவோ மிச்சம். ஆனா குட்டிங்களப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். கடைசிப் பக்கத்துல போற போக்குல ஒரு வரி, "ரெண்டு வாரமா வலது கண்ணு உறுத்திட்டே இருக்கு, தூசின்னு நெனைக்கறேன்"னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஏழு கால் குட்டிய விட அதுதான் கவலையா இருக்கு.

கண்ணு மொதல்ல

கர்லி ஹேர் அமெரிக்கக் கண்டத்துச் சிலந்தி, ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா பக்கம். அந்தக் கண்டத்து டாரண்டுலா பெரும்பாலானதுக்கு வயித்து மேல அரிப்பு முடி இருக்கும், கோபம் வந்தா பின்னங்கால்ல தேச்சுத் தூவி விடும். அந்த முடி ஒவ்வொண்ணுலயும் முள்ளு முள்ளா இருக்கும், தோல்ல பட்டா அரிப்போட போயிரும், கண்ணுல பட்டா கருவிழிக்குள்ள குத்தி மெல்ல மெல்ல உள்ள நகரும். கசக்கினா இன்னும் ஆழமாப் போகும். மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்திக்கிட்டு இருக்காதீங்க, நாளைக்கே கண் டாக்டர்கிட்டப் போயி "நான் டாரண்டுலா வளர்க்கறேன், முடி பட்டிருக்கலாம்"னு வாயைத் தெறந்து சொல்லுங்க, சொன்னாத்தான் அவங்க ஸ்லிட் லேம்ப்ல, அதான் கண்ணப் பெருசு பண்ணிக் காட்டற கருவியில, அதைத் தேடிப் பார்ப்பாங்க. சொல்லாம விட்டா மெட்ராஸ் ஐன்னு நெனச்சு மருந்து குடுத்து அனுப்பிடுவாங்க. பெரிய சிலந்தியோட டப்பாவைக் கழுவும்போது இனிமே கண்ணாடி, கையுறை ரெண்டும் வேணும். அந்தக் கையோட மூஞ்சியத் தொடாதீங்க.

சரி, இப்ப குட்டிங்க.

கறுப்புப் பொட்டு நோய் இல்ல

2, 5, 9, 14, 21ன்னு நம்பர் போட்ட டப்பாவுல இருக்கற அஞ்சும் நல்ல குட்டிங்க. இந்த வகைக் குட்டிங்களுக்கு வயித்து மேல கறுப்பா ஒரு பொட்டு இருக்கறது பொறவிக் குணம், மிரர் பேட்ச்னு வளர்க்கறவங்க சொல்வாங்க, அந்த எடத்துலதான் அரிப்பு முடி மொதல்ல முளைக்கும். ஒவ்வொரு சட்டை உரிப்புக்கும் அது பரவிக்கிட்டே போயி, பெருசானா தனியா தெரியாது. உங்க கேள்விய நான் திருப்பிக் கேக்கணும், மத்த நூத்துச் சொச்சம் குட்டிக்கு ஏன் பொட்டு இல்லன்னு. ஃபோட்டோவ பெருசு பண்ணிப் பார்த்தா எல்லாத்துக்கும் இருக்கு, இந்த அஞ்சும் கொஞ்சம் நல்லா தின்னு வயிறு பருத்ததால பொட்டு பளிச்சுன்னு தெரியுது, அவ்வளவுதான்.

30-வது டப்பாவும் அதே கணக்கு. முடிய உதுத்துட்டு வழுக்கையா ரோஸ் கலர்ல இருந்த எடம் ஒரு வாரத்துல கறுத்துச்சுன்னா, பழைய தோலுக்கு அடியில புதுத் தோலும் புது முடியும் தயாராகி அந்தக் கறுப்பு வெளிய தெரியுதுன்னு அர்த்தம். சாப்பாட்ட ஒதுக்கியிருக்குமே, நோட்டைப் பாருங்க. இன்னும் கொஞ்ச நாள்ல சட்டை உரிக்கும். உள்ள தீனியாப் போட்ட கிரிக்கெட் பூச்சிய எடுத்துருங்க, உரிச்சு மெத்துன்னு கெடக்கற சிலந்திய கிரிக்கெட் கடிச்சுத் தின்னுடும்.

நானும் இதுல ஏமாந்தவதான். பல வருஷம் முன்னாடி ஒரு காலேஜ் பொண்ணு டிபன் பாக்ஸ்ல ஒரு டாரண்டுலாவைக் கொண்டு வந்துச்சு, மல்லாக்கக் கெடந்துச்சு, அசைவே இல்ல. அதுவரைக்கும் நான் மாடு, ஆடு, நாய், மிஞ்சிப் போனா ஆமை வரைக்கும் பார்த்தவ. "செத்துருச்சும்மா"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு வெளிய பெஞ்சுல உக்காந்து அழுதுட்டு, போகறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ மூடியத் தெறந்து பார்த்தா, உள்ள ரெண்டு சிலந்தி. ஒண்ணு வெறும் தோல், இன்னொண்ணு வெள்ளைப் பல்லோட புதுசா நிக்குது. அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சதுதான் இதெல்லாம். மல்லாக்கக் கெடந்தா சட்டை உரிக்குது, கால் எல்லாத்தையும் வயித்துக்கடியில மடக்கிக் குப்புறக் கெடந்தாத்தான் ஆபத்து. சிலந்திக்கு சில கால் மூட்டுல நீட்டறதுக்குத் தசை கெடையாது, உள்ள இருக்கற திரவத்தோட அழுத்தத்துலதான் கால நீட்டும், தண்ணி வத்திப் போனா அழுத்தம் போயி கால் தானா மடங்கிரும்.

நெஜமான கோளாறு மூணு

7, 19, 26. இந்த மூணையும் பத்தித்தான் நெஜமாப் பேச வேண்டியது இருக்கு.

7-வது டப்பாவுல இருக்கற ஏழு கால் குட்டிக்கு நீங்க ஒரு வேலை செய்யணும். அடுத்த தடவ சட்டை உரிச்சதும் அந்தத் தோலை எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டுல வச்சு, தண்ணியில ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் கலந்து அது மேல விடுங்க. அஞ்சு நிமிஷத்துல முறுக்கு விட்டு மெத்துன்னு ஆயிரும், சின்ன பெயின்ட் பிரஷ்ஷால மெதுவா விரிச்சு மல்லாக்கத் திருப்புங்க. பட்டறையில கொலுசுப் பத்தவைப்பு சரியான்னு பார்க்கற லென்ஸ் உங்ககிட்ட இருக்குமே, அதுல நெஞ்சுத் தகட்டச் சுத்திப் பாருங்க. தகட்டுக்கு ரெண்டு பக்கமும் நாலு நாலு கால் அடித்துண்டு, முன்னாடி ரெண்டு பக்கமும் ஒவ்வொரு உணர்கால் (வாய்ப் பக்கத்துல இருக்கற குட்டைக் கால்) அடித்துண்டு, ஆக பத்து இருக்கணும். கால் இல்லாத எடத்துல அடித்துண்டு மட்டும் குட்டையா நின்னுச்சுன்னா, அந்தக் கால் இருந்துச்சு, எப்பவோ மாட்டிக்கிட்டுக் கழண்டுருச்சுன்னு அர்த்தம். டாரண்டுலா கால உதறினா பெரும்பாலும் அடித்துண்டுக்கு அடுத்த மூட்டுலதான் கழட்டும். அப்படின்னா கவலையே வேண்டாம், அடுத்தடுத்த சட்டை உரிப்புல மொதல்ல ஒல்லியா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா முழுசா வந்துரும். அடித்துண்டே இல்லாம, அந்தப் பக்கம் மூணே மூணு நெருக்கி நின்னு நெஞ்சுத் தகடு கோணலா இருந்துச்சுன்னா பொறக்கும்போதே ஏழு கால்தான், அது முளைக்காது. முளைக்கலன்னாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது தம்பி, ஏழு கால்ல நல்லாவே நடக்கும், திங்கும், வாழும்.

உரிச்ச தோலை இத்தன நாளா குப்பையில போட்டிருக்கீங்கன்னு படிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. எங்களுக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாமே அந்தத் தோல்தான். ஒரு தீப்பெட்டியில நம்பர் எழுதிப் போட்டு வைங்க.

19-ல கவட்டைக் கால், 26-ல ஒட்டின கால். கவட்டைக் கால வெட்டலாமான்னு கேட்டீங்க. வேண்டாம். ஒண்ணரை சென்டிமீட்டர் குட்டிக்கு மயக்க மருந்தும் கத்தியும் வச்சுக்கிட்டு நான் செய்யற கைவேலைய விட, அது தானே செஞ்சுக்கற வேலை சுத்தமா இருக்கும். கவட்டையில சட்டை மாட்டிக்கிச்சுன்னா அந்தக் கால அதுவே கழட்டி விட்ரும். நீங்களா வெட்டினா ரத்தம் வழியும், சிலந்தி ரத்தத்துல செம்பு இருக்கறதால லேசா நீலம் ஓடற மாதிரி இருக்கும், செவப்பா எதிர்பார்த்துட்டு இருந்தா கண்ணுக்கே தட்டாது, ரத்தம் போச்சுன்னா அழுத்தமும் போச்சு. 26-தான் எனக்கு உறுத்தல். ஒட்டின ரெண்டு காலையும் ஒரே உறையில இருந்து உருவி எடுக்கறது கஷ்டம், அடுத்த உரிப்புல மாட்ட வாய்ப்பு இருக்கு. அது சாப்பாட்ட ஒதுக்கின அன்னிலேர்ந்து டப்பா அடியில இருக்கற கோகோபீட்டோட (தேங்கா நார்த் தூள்) ஒரு பக்கத்த ஈரமா வைங்க, சொதசொதன்னு இல்ல, ஒரு பக்கம் மட்டும். ஆரம்பிச்சு ஒரு நாள் ஆகியும் கால் வெளிய வரலன்னா, வெதுவெதுப்பான தண்ணிய பிரஷ்ல தொட்டு பழைய தோல் மேல மட்டும் வைங்க, வாய்ப் பக்கமும் வயித்தடியில மூச்சு விடற பிளவு பக்கமும் கொண்டு போகாதீங்க. இழுக்கவே கூடாது. உரிச்சு முடிஞ்சதும் பல்லு வெள்ளையா இருக்கும், செவந்து, அப்புறம் கறுக்கும், கறுத்தப்புறம்தான் தீனி. அதுக்கும் உசுரோட கிரிக்கெட் வேண்டாம், கொன்னு ஒரு தொடைய மட்டும் பக்கத்துல வைங்க.

ஏன் இப்படிப் பொறந்துச்சு

அமாவாசைய விட்ருவோம், அம்மாகிட்ட சண்டை போடாதீங்க. அண்ணன் தங்கச்சின்னு நீங்க நெனைக்கறதும் எனக்கு ஒத்து வரல. ஒரே ஸாக்குல பொறந்ததுல ஆணுங்க சீக்கிரம் பருவத்துக்கு வந்து சீக்கிரம் செத்துப் போகும், பெண்ணு நெதானமா வளர்ந்து இருபது வருஷம்கூட இருக்கும். கடைக்காரர் ஒரே பேட்ச்னு சொன்னார்ங்கறீங்க, ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல பருவத்துல இருந்திருக்கு, அதனால ஒரே வயசுங்கறதே எனக்குச் சந்தேகம். அப்படியே கூடப் பொறந்ததா இருந்தாலும் ஒரு தலைமுறையில கால் கவட்டையா வர்றதுக்கு அத மட்டும் காரணம் சொல்ல முடியாது.

உங்க நோட்டுல இன்னொரு பக்கம் இருக்கு, அதுதான் என்னைத் தூக்கிப் போட்டுச்சு. ஸாக் இருந்த டப்பாவுக்குள்ள ஒரு சின்ன தெர்மாமீட்டர் வச்சு காலையும் மாலையும் குறிச்சிருக்கீங்க. பட்டறை அலமாரி மேல 33, 34, 33. ராத்திரி ஏற்காட்டு வீட்ல 14, 13, 14. மூணு வாரம்.

போலந்துல டோருன்னு ஒரு ஊர், அங்க யுனிவர்சிட்டில சிலந்திக் கரு எப்படி வளருதுன்னு பல வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க. ஐரோப்பாவுல வீட்டு மூலையில வலை கட்டற ஒரு சிலந்தியோட முட்டைய எடுத்து, 12 மணி நேரம் 14 டிகிரி, அடுத்த 12 மணி நேரம் 32 டிகிரின்னு மாத்தி மாத்தி மொதல் பத்து நாளு வச்சாங்க. வேணும்னே கோளாறு வரவைக்கறதுக்காக. பொறந்ததுல பெரும்பாலானது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சிலதுக்கு கால் கொறஞ்சுச்சு, சிலதுக்கு கவட்டையாச்சு, சிலதுக்கு ரெண்டு கால் ஒட்டிக்கிச்சு. ஒரே சூட்டுல வச்ச முட்டைங்க ஒழுங்காப் பொறந்துச்சு. அவங்க லேப்ல மெஷின் வச்சு செஞ்சத நீங்க பைக்ல பேக் வச்சு செஞ்சிருக்கீங்க தம்பி, டிகிரி கூட கிட்டத்தட்ட அதே டிகிரி. உங்க சிலந்தி வேற இனம், அதனால இதுதான் காரணம்னு நான் சர்ட்டிஃபிகேட் எழுதித் தர மாட்டேன், ஆனா கால் உருவாகற அந்த மொதல் நாளுங்கள்ல ராத்திரி ஏற்காட்டுக் குளிரும் பகல்ல பட்டறைச் சூடும் மாறி மாறி வாங்கின முட்டையில இந்த மூணு விதக் கோளாறும் வந்திருக்குன்னா எனக்கு வேற பக்கம் தேடத் தோணல.

நீங்க நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க. தாய்கிட்ட விட்டிருந்தா அது ஸாக்க அணைச்சுக்கிட்டு, திருப்பித் திருப்பி விட்டு, சூடான எடத்துக்கும் குளிர்ச்சியான எடத்துக்கும் தானே நகர்த்தியிருக்கும். அடுத்த தடவ குறைஞ்சது நாலு வாரமாவது தாய்கிட்டயே விடுங்க, டப்பாவ மூடி இருட்டா வச்சு ஆட்டாம இருந்தா பெரும்பாலும் தின்னாது. எடுத்தப்புறம் 25-லேர்ந்து 28 டிகிரிக்குள்ள ஒரே எடம். மலைமேலயா கீழயா, ஏதாவது ஒண்ணு.

பாதிப் பொன்னும், வெட்டி இழுக்கறதும்

33-வது டப்பா பாதிக்குப் பாதி கலர் குட்டி. ஒரே உடம்புல ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண்ணுன்னு சிலந்தியில அபூர்வமா பொறக்கும், டாரண்டுலாவுலயும் பார்த்திருக்காங்க. ஆனா உங்க குட்டி அதுவான்னு இப்பவே சொல்ல முடியாது, ஆண்-பெண் வித்தியாசம் கலர்ல தெரியற வயசே இல்ல அதுக்கு. சட்டை உரிச்சப்போ ஒரு பக்கம் முடி உதுந்திருக்கலாம், நனைஞ்சிருக்கலாம். அடுத்த உரிப்புக்கப்புறமும் கோடு கிழிச்ச மாதிரி அப்படியே இருந்துச்சுன்னா சுவாரசியம். அப்பவும் பருவத்துக்கு வந்து ஒரு பக்க முன்னங்கால்ல மட்டும் கொக்கி, அதே பக்க உணர்கால் நுனியில மட்டும் குமிழ்னு வந்தாத்தான் உறுதி. அதுக்கு வருஷக்கணக்காகும். பொறுமை இருந்தா வைங்க, வைத்தியம் ஒண்ணும் வேண்டாம்.

41-வது குட்டி பொறவிக் கோளாறு மாதிரி தெரியல. மூணாவது உரிப்பு வரைக்கும் ஒழுங்கா நடந்துச்சு, இப்பத்தான் இழுக்குதுன்னா ஏதோ பட்டிருக்கு. வளர்க்கறவங்க இதுக்கு டிகேஎஸ்னு, அதாவது டிஸ்கைனெடிக் சிண்ட்ரோம்னு ஒரு பேரு வச்சிருக்காங்க, பேருதான் இருக்கு, ஒரே ஒரு காரணம்னு எதுவும் இல்ல, பூச்சி மருந்து மேலதான் எல்லாருக்கும் சந்தேகம். நீங்க அந்த ரூம்ல கொசுவத்தி கொளுத்தறீங்களா? கரப்பான் சாக்பீஸ் கோடு போட்டிருக்கா? தோட்டத்துல காபிக்கு மருந்தடிச்ச வாரத்துல வெட்டுக்கிளி பிடிச்சுப் போட்டீங்களா? பட்டறையில ஆசிட் வேலை பார்த்த துணியோட வந்து டப்பாவத் தெறக்கறீங்களா? இதுல எது ஆமாவோ அத நிறுத்துங்க, அந்தக் குட்டிக்கு டப்பா, கோகோபீட், தண்ணி மூடி எல்லாத்தையும் புதுசா மாத்துங்க. இன்னொண்ணு, வாய்ப் பக்கம் வெள்ளையா பிசுபிசுன்னு ஏதாவது இருந்து கெட்ட வாடை வந்துச்சுன்னா அது நூல்புழு, மத்ததுக்கும் தொத்தும், அன்னிக்கே தனி ரூமுக்குக் கொண்டு போயி எனக்குச் சொல்லுங்க. திங்கவே முடியாம துடிக்கற குட்டி எதுவும் இருந்தா அப்படியே ஃப்ரீசர்ல போடாதீங்க, மயக்கம் குடுத்துட்டுத்தான் முடிக்கணும், அத நான் பண்ணித் தர்றேன்.

சில்வர் ஓக்ல கெடச்ச குட்டி

கலப்பும் இல்ல, கோளாறும் இல்ல. உங்க ஆண் சிலந்தியும் இதுவும் தூரத்துச் சொந்தம், ஆடும் மாடும் மாதிரி, சேர்ந்தாலும் குட்டி வராது. தட்டையான உடம்பு, முதுகுல நரம்போட ஒரு இலைய விரிச்சு வச்ச மாதிரி டிசைன், தொட்டா மின்னல் மாதிரி ஓடுது, இதெல்லாம் பொய்சிலோதீரியா இனத்து அடையாளம், இந்தியாவையும் இலங்கையையும் விட்டா உலகத்துல வேற எங்கயும் கெடையாது. அதுல ஒரு வகைக்கு வெளிநாட்டுக்காரங்க வச்சிருக்கற பேரே சேலம் ஆர்னமென்டல். 1899-ல போகாக்னு ஒரு இங்கிலீஷ்காரர் நம்ம சேலம் மாவட்டத்துல காடியம்பட்டின்னு அவர் எழுதின எடத்துல கெடச்சத வச்சு பொய்சிலோதீரியா ஃபார்மோசான்னு பேரு வச்சார். அழியற நிலையில இருக்கற இனங்களோட பட்டியல்ல இருக்கு. உங்களோடது அந்த வகைதானான்னு குட்டியா இருக்கும்போது ஃபோட்டோவ வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா இனம் அதுதான். இதுக்கு அரிப்பு முடி கெடையாது, அதுக்குப் பதிலா விஷம் ஜாஸ்தி. கடிச்சா ஆள் சாகறதில்ல, ஆனா தசைப்பிடிப்பு நாள் கணக்கா வாட்டும், விஷமுறிவு மருந்துன்னு தனியா இல்ல. கைல எடுக்கவே எடுக்காதீங்க.

இத வச்சுக்கறது தப்பு தம்பி. "எங்க தோட்டத்து மரம்தானே"ங்கற பேச்சு செல்லாது, மரம் உங்களோடது, சிலந்தி காட்டோடது. அப்படியே கொண்டு போயி மரத்துல விட்ரலாமான்னா, நாலு மாசமா வெளிநாட்டுச் சிலந்திங்களோட ஒரே அலமாரியில இருந்திருக்கு, ஏதாவது புழுவோ பூஞ்சையோ ஒட்டியிருந்தா காட்டுக்குள்ள கொண்டு போயிரும். அதனால நீங்களா விடாம ஏற்காடு வனத்துறை ஆபீஸ்ல போயி, எந்த மரம், எந்தத் தேதின்னு உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்து ஒப்படைங்க. அது வரைக்கும் வேற ரூம்ல தனியா வைங்க. பயமா இருந்தா ஒரு வக்கீல கூட்டிக்கிட்டுப் போங்க. நாமளாப் போயி சொல்றதுக்கும் அவங்களா வந்து புடிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

விக்கறதப் பத்தி

கர்லி ஹேரும் சைட்டீஸ்ங்கற சர்வதேச வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்தோட ரெண்டாவது அப்பெண்டிக்ஸ்ல இருக்கற வகை. 2022-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தத் திருத்தினாங்க, 2023 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு, அதுக்கான ரூல்ஸ் 2024 பிப்ரவரியில வந்துச்சு. அதுப்படி இந்த மாதிரி உயிரினம் வச்சிருக்கறவங்க மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும், குட்டி பொறந்தா சொல்லணும், செத்தாலும் கைமாறினாலும் சொல்லணும். நீங்க வாங்கினப்போ பில்லும் தரல, பேப்பரும் தரலன்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா 143 குட்டியில ஒண்ணக்கூட இப்போதைக்கு கைமாத்தாதீங்க, பணத்துக்கும் வேண்டாம், ஃப்ரெண்டுக்கு சும்மாவும் வேண்டாம். நான் டாக்டர், வக்கீல் இல்ல, பதிவு எந்த நிலையில பண்ண முடியும்ங்கறத வனவிலங்கு கேஸ் தெரிஞ்ச வக்கீல்கிட்ட பேப்பரோட போயி கேளுங்க.

சட்டத்த விட்டுட்டுப் பார்த்தாலும் அந்த "ரேர் மியூட்டேஷன்" பேரத்துக்கு நீங்க போகக் கூடாது. சூடும் குளிரும் பட்டு வந்த கோளாறு வம்சத்துல எறங்காது. கவட்டைக் கால் குட்டிய மூணு மடங்கு குடுத்து வாங்கறவர் அதுல இருந்து கவட்டைக் கால் பரம்பரைய எதிர்பார்க்கறார். வெள்ளின்னு சொல்லி ஈயத்த வித்தா உங்க பட்டறையில ஒத்துக்குவீங்களா? எடம் பத்தலன்னு ராத்திரியில தோட்டத்துல கொண்டு போயி கொட்டிடவும் வேண்டாம், இப்படிக் கேட்டதுக்குக் கோச்சுக்காதீங்க, இதுக்கு முன்னாடி ஒருத்தர் செஞ்சிருக்கார்.

26-ம் 41-ம் நான் நேர்ல பார்க்கணும். ஆளுக்கொரு சின்ன டப்பா, அடியில ஈர டிஷ்யூ, சுத்தி ஒரு துண்டு, காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி மலை எறங்கிருங்க. 26 சாப்பாட்ட ஒதுக்கியிருந்தா அதக் கொண்டு வராதீங்க, உரிச்சு பல்லு கறுத்தப்புறம் வாங்க. 7-வது குட்டியோட தோலு கெடச்சா தீப்பெட்டியில போட்டுக் கொண்டு வாங்க, லென்ஸ் என்கிட்ட இருக்கறது பழசு, உங்களோடதயும் எடுத்துக்கிட்டு வாங்க. கண் டாக்டர் சீட்டைக் காட்டினாத்தான் டப்பாவத் தெறப்பேன்.